சிபாரிசுச் சீட்டும் அமானிதமும்

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படிகளில் இறங்கும் வேளையில், நம் கையைப் பற்றிக்கொண்டு தயங்கி நிற்கும் தந்தையர் பலரை நாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் கேட்பது பணமன்று, கடனுமன்று. “ஹஜ்ரத், பையன் படித்து முடித்துவிட்டு வீட்டில்தான் இருக்கின்றான். ஹாஜியார் கடைக்கு ஆள் வேண்டுமாம். ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், போதும். உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் அவர் மறுக்கமாட்டார்” என்பார்கள். மறுத்துச் சொல்ல நமக்கு நா எழுவதில்லை. எழுதிக் கொடுத்துவிடுகின்றோம். அவ்வாறு எழுதிக் கொடுப்பது நன்மையான காரியமென்றே பல்லாண்டுகளாக எண்ணியும் வந்தோம்.

அந்த எண்ணம் பிழையானது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றோம். பிறரைக் குறை கூறுமுன் நம் குறையை ஒப்புக்கொள்வது முறை. ஆதலின் அதிலிருந்தே தொடங்குகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுத ஆள் தேவைப்பட்டது. நம்மிடம் ஓதிய மாணவன் ஒருவன் நம் சீட்டுடன் சென்றான். நல்ல பிள்ளை, தொழுகை தவறாதவன், பெரியோரைக் கண்டால் எழுந்து நிற்பவன். கணக்கு மட்டும் அவனுக்கு வராது. அது நமக்கும் தெரியாது. நாம் கேட்டறியவும் இல்லை. அதே நாளில் மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விதவைத் தாயின் மகனும் அங்கே வந்திருந்தான். வணிகவியல் பட்டம் பெற்றவன். கணினியில் டேலிக் கணக்கும், சரக்கு சேவை வரிக் கணக்கும் முறையாகக் கற்றவன். முதலாளி நம் சீட்டைப் படித்தார். “ஹஜ்ரத் சொன்னால் சரிதான்” என்றார். மற்றவனிடம் “ஆள் எடுத்தாகிவிட்டது தம்பி” என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

எட்டு மாதங்களில் அக்கடையின் இருப்புக் கணக்கும் பேரேடும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போயின. வரிக் கணக்கு உரிய நாளில் போய்ச் சேரவில்லை, அபராதம் விழுந்தது. நம் மாணவன் ஒரு காசும் எடுக்கவில்லை. ஆயினும் கணக்கில் குறை வந்த இடத்தில் கணக்கெழுதியவன்மீது ஐயம் விழுவது உலக இயல்பு. திருடாத பிள்ளை திருடன் என்ற பேச்சோடு வெளியேறினான். கிராமத்துப் பிள்ளையோ திருப்பூருக்குப் போய்விட்டான். பின்னொரு நாள் அவனுடைய தாயார் நம்மைச் சந்தித்தபோது கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. “எழுதித் தர எங்களுக்கு யாரும் இல்லை ஹஜ்ரத்” என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றளவும் நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருக்கின்றது. முதலாளிக்கு நட்டம், ஒரு பிள்ளைக்கு அவமானம், மற்றொரு பிள்ளைக்கு அநீதி. இம்மூன்றையும் செய்தது நம் இரண்டு வரிச் சீட்டு.

வேலைக்கு ஆள் எடுப்பது என்பது கடைக்காரரின் சொந்த விருப்பம், வீட்டுக்கு விருந்தாளியை அழைப்பது போன்றது என்று நம் சமுதாயத்தில் பலரும் எண்ணுகின்றனர். மார்க்கம் அவ்வாறு சொல்லவில்லை. அது ஓர் அமானிதம். தகுதியில்லாதார் கையில் பொறுப்பு ஒப்படைக்கப்படுவதே அமானிதம் பாழாவதற்கு அடையாளம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கின்றார்கள். அரசாட்சிக்கு மட்டுமே அவ்வெச்சரிக்கை என்று நாம் சுருக்கிக்கொள்வது நம் வசதிக்காகவே.

ஆள் எடுக்கும் முறையைத் திருமறை ஒரு வரலாற்றின் வாயிலாகவே கற்பிக்கின்றது. எகிப்திலிருந்து தப்பி மத்யன் நகரின் நீர்த்துறையை அடைந்த மூஸா நபி (அலை) அவர்களின் வரலாறு அது. ஆட்டிடையர் கூட்டம் முண்டியடித்துக்கொண்டிருக்க, இரு பெண்கள் தம் ஆடுகளைத் தடுத்தவாறு ஒதுங்கி நின்றனர். தந்தை முதியவர், ஆதலால் இவர்கள் வெளியே வர வேண்டிய நிலை. மூஸா நபி அவர்கள் ஊர் பேர் கேட்கவில்லை, கூலி கேட்கவில்லை, நீர் புகட்டிக் கொடுத்துவிட்டு நிழலில் ஒதுங்கிவிட்டார்கள். பின்னர் அப்பெண்களுள் ஒருவர் தந்தையிடம், இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அதற்குக் காரணமாக இரண்டே தகுதிகளைக் கூறினார். ஒன்று ‘கவிய்’, அதாவது அவ்வேலைக்கு வேண்டிய ஆற்றல். மற்றொன்று ‘அமீன்’, அதாவது நம்பகம்.

வாசகர்கள் இதனைச் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். குலம் எது, ஊர் எது, யார் அனுப்பியது என்ற பேச்சே அங்கு இல்லை. அவருடைய ஆற்றலை அப்பெண் பிறர் சொல்லக் கேட்டறியவில்லை. நீர்த்துறையில் வேலை செய்யக் கண்டறிந்தார். நம்பகத்தையும் அவர் நடந்துகொண்ட முறையிலேயே கண்டார் என்று விரிவுரையாளர்கள் எழுதுவர். அதன்பின் தந்தையார் என்ன செய்தார்? எட்டாண்டு வேலை, பத்தாண்டாக நிறைவு செய்வது அவர் விருப்பம், தாம் அவரைச் சிரமப்படுத்தப் போவதில்லை என்று நிபந்தனைகளை முதலிலேயே தெளிவாகச் சொன்னார். வேலையைக் கண்டு மதிப்பிடுதல், நடத்தையைக் கண்டு மதிப்பிடுதல், நிபந்தனையை முன்கூட்டியே பேசிவிடுதல் ஆகிய மூன்றும் அங்கே இருக்கின்றன. கூலிக்கு அமர்த்துதல் பற்றிய தம் பாடத்தை இமாம் புகாரி அவர்கள் இந்த வசனத்தைக் கொண்டே தொடங்குகின்றார்கள் என்பதை மதரஸா மாணவர் அனைவரும் அறிவர். அறிந்த நாமே அதற்கு மாறாகச் சீட்டு எழுதுகின்றோம்!

இம்மூன்றும் இன்றைய ஆய்வாளர்கள் சொல்வதற்கு மாறானவையல்ல. 1998ஆம் ஆண்டில் ஷ்மிட், ஹண்டர் என்னும் இரு அமெரிக்க உளவியலறிஞர்கள், ஆள் தேர்வு குறித்து 85 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதியை முன்னரே செய்யச் சொல்லிப் பார்ப்பதும், முன்கூட்டி வகுத்த வினாக்களை எல்லோரிடமும் ஒரே விதமாகக் கேட்பதும் நல்ல பயன் தருவன என்றும், மனம் போனபடி பேசிப் பார்க்கும் நேர்காணல் அவற்றைவிடக் குறைந்த பயனே தரும் என்றும் அவர்கள் கண்டனர். 2022இல் சாக்கெட் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் அக்கணக்குகளை மீண்டும் சரிபார்த்தபோது, ஒழுங்காக வகுக்கப்பட்ட நேர்காணலே முதல் வரிசையில் நின்றது. “ஆளைப் பார்த்தவுடனே எடை போட்டுவிடுவேன்” என்று பெருமை பேசும் முதலாளிமார் இதனைக் கருத வேண்டும்.

வெளிநாட்டாரைத் தேடிப் போகவும் வேண்டியதில்லை. நம் தமிழ்ப் பெரியார் திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அன்பு ஒன்றையே காரணமாகக் கொண்டு அறிவில்லாதவரைத் தேர்ந்துகொள்வதை அவர் பேதைமையென்றே கடிகின்றார். எவ்வளவு ஆராய்ந்து தேர்ந்தாலும், வேலையில் இறங்கியபின் வேறுபட்டுப் போகின்றவர் பலர் என்றும் அடுத்த அதிகாரத்தில் எச்சரிக்கின்றார். சோழன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை, ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்வதற்கான தகுதிகளை வரையறுக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் அதன்படி விலக்கப்பட்டனர். அக்காலத்தின் குலக் கட்டுப்பாடுகளும் அதில் உண்டு. அவற்றை நாம் போற்றவில்லை. ஆயினும் உறவு என்பது தகுதியன்று, சில வேளை தடையுங்கூட என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்த மண் அறிந்திருந்தது.

இனி, நம் கருத்தை மறுப்போர் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“கல்லாவில் உட்காருபவனுக்கு நம்பிக்கைதான் முக்கியம். தெரிந்த வீட்டுப் பிள்ளையைத்தானே நம்ப முடியும்?” என்பர் சிலர். தெரிந்த வீடு என்பதும் தெரிந்த பிள்ளை என்பதும் ஒன்றா? ஒருவருக்காகச் சாட்சி சொல்ல வந்த மனிதரிடம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மூன்று கேள்விகள் கேட்டதாக ஒரு செய்தி நூல்களில் வருகின்றது. நீர் அவருடைய அண்டை வீட்டாரா? அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்திருக்கின்றீரா? அவரோடு பயணம் போயிருக்கின்றீரா? மூன்றுக்கும் இல்லையென்றே விடை வந்தது. அவர் பள்ளிவாசலில் தொழுவதைப் பார்த்திருப்பீர் போலும், உமக்கு அவரைத் தெரியாது என்று சொல்லி, அவரை அறிந்த ஒருவரை அழைத்து வரச் சொன்னார்களாம் கலீஃபா அவர்கள். நாம் எழுதிய சீட்டுகளை அந்தச் சன்னிதானத்தில் கொண்டு வைத்தால் எத்தனை தேறும்? தொழுகை வரிசையில் கண்டதையன்றி அப்பிள்ளைகளைப் பற்றி நாம் அறிந்தது என்ன?

நபித்தோழர் அபூதர் (ரலி) அவர்களின் பக்தியில் ஐயம் கொள்வார் யார்? அவர்கள் ஒரு பொறுப்பைக் கேட்டபோது, இது அமானிதம், நீர் அதற்கு வலிமை குறைந்தவர் என்று நபி (ஸல்) அவர்கள் அன்புடன் மறுத்துவிட்டார்கள். நல்லவர் என்பது ஒன்று. இந்த வேலைக்கு வல்லவர் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் நம் மாணவனைக் கணக்கு மேசையில் உட்கார வைத்தது அவனுக்கு நாம் செய்த தீங்கேயாகும்.

“நம்மவரை விட்டுப் பிறரை எப்படி நம்புவது?” என்று கேட்போரும் உண்டு. ஹிஜ்ரத்தின்போது மக்காவிலிருந்து மதீனாவுக்கு வழிகாட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் கூலிக்கு அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உரைகித் முஸ்லிமல்லர். குறைஷியரின் மதத்திலேயே இருந்தவர். ஆயினும் பாலைவழிகளை நன்கறிந்தவர். சொன்ன சொல் தவறாதவர். அவரை நம்பித் தம் இரு ஒட்டகங்களையும் ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்து ஸவ்ர் குகைக்கு வருமாறு சொன்னார்கள். பிடித்துத் தருவோருக்கு நூறு ஒட்டகங்கள் பரிசென்று குறைஷியர் அறிவித்திருந்த வேளை அது! அவர் காட்டிக் கொடுக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்த பயணத்திற்கே தகுதியைத்தான் பார்த்தார்கள் நம் தலைவர். மளிகைச் சிட்டை எழுதுவதற்கு நாம் இனம் பார்க்கின்றோம்.

அடுத்து வரும் காரணமே வலுவானது. “நம் பிள்ளைகளுக்கு வேறெவர் வேலை கொடுக்கின்றார்? நாமும் கைவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?” என்று சமுதாயப் பற்றுள்ளவர்கள் கேட்கின்றனர். இவர்களுடைய வேதனை நியாயமானது. அதை நாம் எள்ளி நகையாடமாட்டோம். 2006ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த சச்சார் குழுவின் அறிக்கை, மக்கள்தொகையில் 13.4 விழுக்காடாக இருந்த முஸ்லிம்கள் இந்திய ஆட்சிப் பணியில் 3 விழுக்காடும், காவல் பணியில் 4 விழுக்காடுமே இருந்ததை எடுத்துக்காட்டிற்று. தனியார் நிறுவனங்களின் நிலை அதனினும் கசப்பானது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய இருவர் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். செய்தித்தாள் விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. படிப்பும் தகுதியும் ஒன்றே. பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்றென்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67 ஆகவும், முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது. ஆளைப் பார்க்கவில்லை, பேசவில்லை, பெயரைப் பார்த்தே தாளை ஒதுக்கிவிட்டனர்.

இக்கணக்கைப் படித்தபோது நம் உள்ளம் கொதித்தது. உங்களுக்கும் கொதிக்கும். ஆனால், கொதித்த உள்ளத்தை நம் கடைப் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டாமா? ஒருவன் பெயரைப் பார்த்துக் கதவைச் சாத்துவது அநீதியென்றால், பெயரைப் பார்த்துக் கதவைத் திறப்பது மட்டும் நீதியாகுமா? அவ்வாறு திறக்கும்போதே மற்றொருவனுக்கு அது சாத்தப்படுகின்றதன்றோ? அளந்து வாங்கும்போது நிறைவாகவும், அளந்து கொடுக்கும்போது குறைவாகவும் கொடுப்போரை எச்சரிக்கத் திருமறையில் ஓர் அத்தியாயமே தொடங்குகின்றது. நீதியிலும் இரட்டைப் படி வைக்கலாகாது.

அறத்தை விடுத்து இலாபக் கணக்காகப் பார்த்தாலும் இது நமக்கு நட்டமே. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 5.86 பேர். நூறு கடைகள் கொண்ட ஒரு கடைவீதியில், ஒவ்வொரு கடையும் தன்னவர்க்கே வேலையென்று கதவடைத்துக்கொண்டால், நம் பிள்ளைகளுக்குத் திறந்திருப்பவை ஐந்தாறு கடைகள். அடைபட்டவை தொண்ணூற்றுக்கும் மேல். சிறுபான்மையாக வாழும் சமுதாயத்துக்குத் திறந்த போட்டியே அரண். பிறர் கதவு திறக்க வேண்டுமென்று கேட்கும் வாய், தன் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

நம் முன்னோர் இதை உணர்ந்திருந்தனர். நீதிக்கட்சிக் காலத்துக் கோரிக்கைகளின் பயனாய், முத்தையா முதலியார் அமைச்சராயிருந்தபோது, 1928இல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணையில் பன்னிரண்டு இடங்களுக்கு இரண்டு முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்டன. 1929இல் சென்னை மாகாணத்தில் அரசுப் பணிகளுக்கு ஆள் தேர்வதற்கென ஒரு கமிஷன் சட்டத்தின் மூலம் ஏற்பட்டது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. 2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்ததும் அந்த வழியில் வந்ததே. “ஒதுக்கீட்டை ஏற்கும் நீர் சிபாரிசை மட்டும் ஏன் எதிர்க்கின்றீர்?” என்று எவரும் மடக்க வேண்டியதில்லை. ஒதுக்கீடு, அடைபட்ட கதவைத் திறப்பதற்காக ஊரறிய எழுதப்பட்ட விதி. அதற்குள்ளும் போட்டியுண்டு, மதிப்பெண் உண்டு. சிபாரிசோ, யாருமறியாமல் ஒருவனை உள்ளே அழைத்து மற்றவர்க்குக் கதவை அடைக்கும் சலுகை.

இவையெல்லாம் அரசுப் பணிகளுக்கே. அரசியலமைப்பின் 16ஆம் பிரிவும் அரசு வேலையில்தான் சமவாய்ப்பை உறுதி செய்கின்றது. தனியார் கடைவாசலில் அது காவல் நிற்பதில்லை. அங்கே முதலாளியின் மனசாட்சியே காவல். மாசி வீதிகளின் கடைகளாயினும், கப்பலூர்த் தொழிற்பேட்டையாயினும், இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எழுந்துள்ள தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களாயினும் இதுவே நிலை. திருமங்கலத்திலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் காலைப் பேருந்தில் நின்றுகொண்டே வருகின்ற பிள்ளையிடம் முதற்கேள்வியாக, “சொந்த ஊர் எது? எந்தத் தெரு?” என்று கேட்கின்றார்கள். தெருவைக் கேட்பது முகவரிக்காகவன்று. சாதியை அறிவதற்காக என்பது கேட்பவர்க்கும் தெரியும், சொல்பவர்க்கும் தெரியும். இக்கேள்வி நம் கடைகளில் மட்டும் கேட்கப்படுவதில்லை என்று யார் சத்தியம் செய்வார்?

பெண்மக்களின் நிலை என்ன? தலையில் முக்காடு இருப்பதைக் கண்டு முகம் சுளிக்கும் நிறுவனங்களைப் பற்றி நம் பெண்பிள்ளைகள் கண்ணீரோடு முறையிடுகின்றனர். அதே பிள்ளை நம் சமுதாயத்துத் தனவந்தரின் அலுவலகத்துக்குப் போனால், “பெண்பிள்ளைகளை நாங்கள் எடுப்பதில்லை” என்று அங்கும் கதவு சாத்தப்படுகின்றது. மத்யன் நகரில் ஆள் எடுக்கும் இலக்கணத்தை உலகுக்குச் சொல்லித் தந்தவர் ஒரு பெண்ணல்லவா? கண்ணியமான சூழலை அமைத்துக் கொடுப்பது முதலாளியின் கடமை. அக்கடமையைச் செய்யாதிருப்பதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டுவது முறையன்று.

சீட்டுக்கு அடுத்தபடி வருவது பணம். வேலையை விற்கும் வழக்கம் நம் நாட்டில் புதிதன்று. மதுரையின் ஹார்வி மில் போன்ற ஆலைகளில் ஆள் சேர்ப்பு மேஸ்திரியின் கையில் இருந்த காலம் ஒன்றுண்டு. மேஸ்திரிக்குக் கொடுத்தவனுக்கே வேலை. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த அரச தொழிலாளர் கமிஷன், நாடெங்கும் ஆலைகளில் இவ்வகைக் கையூட்டு பரவியிருந்ததைக் கண்டித்து, ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து நீக்கித் தொழிலாளர் அதிகாரியிடம் ஒப்படைக்கச் சொல்லிற்று. மேஸ்திரி போனார், தரகர் வந்தார். 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில், தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வளரிளம் பெண்களைத் தரகர் மூலம் நூற்பாலைகளுக்குச் சேர்த்து, மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கு ஒரு தொகை என்று ஆசை காட்டிய ‘சுமங்கலித் திட்டம்’ எத்தனை குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்திற்று என்பதை நாடறியும். வளைகுடா நாடுகளுக்குப் போன நம் பிள்ளைகளின் கதையும் அதுவே. உரிமம் பெறாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதை 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் தடுத்திருந்தும், நிலத்தை விற்று முகவரிடம் கொடுத்து ஏமாந்த தந்தையர் நம் ஜமாஅத்துகளில் இல்லையா?

அவர்களைக் கண்டு இரங்கும் நாம், வேலைக்குச் சேரும் பிள்ளையிடம் ஜாமீன் தொகை கேட்கின்றோம். அவனுடைய அசல் சான்றிதழ்களை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகின்றோம். “பாதியில் ஓடிவிடாமலிருக்க” என்கின்றோம். நல்ல சம்பளமும் நல்ல சொல்லும் கொடுத்தால் எவன் ஓடுவான்? சான்றிதழைப் பூட்டி வைப்பது ஒருவனுடைய எதிர்காலத்தைப் பூட்டி வைப்பதாகும்.

இறுதியாக, நம் உலமாப் பெருமக்கள் ஒரு கேள்வியைக் கேட்கக்கூடும். பரிந்து பேசுவோருக்கு நற்கூலி உண்டென்று நபிமொழி இருக்கின்றதே? உண்டு, மறுக்கவில்லை. ஆனால், நல்ல பரிந்துரையில் பங்கு உண்டென்று கூறும் அதே இறைவசனம், தீய பரிந்துரையிலும் அதைச் செய்தவருக்குப் பங்குண்டு என்கின்றது. ஒருவருடைய உரிமை அவருக்குக் கிடைக்கும்படி பேசுவது நல்ல பரிந்துரை. மற்றொருவருடைய உரிமையைப் பறித்து நமக்கு வேண்டியவர்க்குக் கொடுக்கச் சொல்வது எவ்வகையைச் சேர்ந்தது? கிராமத்துத் தாயார் சொன்ன அந்த ஒரு வரி நமக்கு அதற்கு விடை சொல்லிவிட்டது.

என்ன செய்ய வேண்டுமென்று கேட்போருக்கு நாம் சொல்வது இவையே.

முதலாவது, ஆள் தேவையென்பதை ஊரறியச் சொல்லுங்கள். பள்ளிவாசல் பலகையில் மட்டுமன்றி, கல்லூரிகளிலும் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் செய்தித்தாளிலும் சொல்லுங்கள். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எவ்வளவு நேரம் என்பதை அதிலேயே எழுதுங்கள்.

இரண்டாவது, வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கணக்கெழுத வந்தவனுக்கு ஒரு நாள் சிட்டையைக் கொடுத்துப் பேரேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். விற்பனைக்கு வந்தவனை வாடிக்கையாளரோடு பேசச் சொல்லுங்கள். அந்த அரை நாளுக்கும் கூலி கொடுத்து அனுப்புங்கள். தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

மூன்றாவது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். இருவர் அமர்ந்து தனித்தனியே மதிப்பெண் இடுங்கள்; பிறகு ஒப்பிடுங்கள். தெருவையும் குலத்தையும் கேட்காதீர்கள்.

நான்காவது, நம்பகத்தை உமர் (ரலி) அவர்களின் வழியில் விசாரியுங்கள். அவனோடு வேலை செய்தவரை, கொடுக்கல் வாங்கல் செய்தவரை, அண்டை வீட்டாரைக் கேளுங்கள். நம்மைப் போன்றோரின் கையெழுத்தைக் கேட்காதீர்கள்.

ஐந்தாவது, நிபந்தனைகளை எழுத்தில் கொடுங்கள். 2025ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணியமர்த்தும் கடிதத்தைச் சட்டக் கடமையாக்கியிருக்கின்றன. நமக்கோ அது மத்யன் காலத்து வழக்கம். ஜாமீன் தொகை வேண்டாம். சான்றிதழைப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆறாவது, எடுக்காதவனுக்கும் ஒரு பதில் சொல்லுங்கள். எதில் குறைந்தான் என்று இரண்டு வார்த்தை சொன்னால், அடுத்த வாசலுக்குப் போகுமுன் அதைத் திருத்திக்கொள்வான்.

“இப்படியெல்லாம் செய்தால் நம் பிள்ளைகள் தேறமாட்டார்கள்” என்று சொல்லிவிடாதீர்கள். அச்சொல் நம் பிள்ளைகளுக்குச் செய்யும் பெரும் அவமதிப்பு. தேறாத பிள்ளையைத் தேற்றுவதே நம் வேலை. ஜமாஅத்துகள் கல்யாண மண்டபத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கணக்கும் கணினியும் ஆங்கிலமும் கற்பிக்கும் மாலை வகுப்புகளுக்கு ஒதுக்கட்டும். நம் மாணவனுக்கு நாம் கொடுத்திருக்க வேண்டியது சீட்டன்று. ஆறு மாதக் கணக்குப் பயிற்சி. அதைக் கொடுத்திருந்தால் அவன் தலைநிமிர்ந்து அந்தக் கடைவாசலில் நின்றிருப்பான்.

ஆதலின் நாம் ஒரு முடிவுக்கு வந்திருக்கின்றோம். இனி நாம் அறியாத பிள்ளைக்காக ஒரு வரியும் எழுதமாட்டோம். அறிந்த பிள்ளையாயினும், நாம் கண்ட அளவையே எழுதுவோம்: இன்ன ஆண்டுகள் நம்மிடம் ஓதினான், இன்ன பொறுப்பை ஒப்படைத்தோம், இவ்வாறு நிறைவேற்றினான், இவனது தொழிலாற்றலை நீங்களே சோதித்துப் பாருங்கள் என்று. இதனால் சிலர் நம்மீது வருத்தம் கொள்வர். கொள்ளட்டும். மறுமையில் அந்தக் கிராமத்துத் தாயாரின் முன் நிற்பதைவிட, இம்மையில் சில நண்பர்களின் வருத்தம் எளிது.

முதலாளிமார்களே, அடுத்த முறை ஒருவன் சீட்டோடு வந்தால் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, அவன் கையில் வேலையைக் கொடுங்கள். அவனுக்குப் பின்னால் சீட்டில்லாமல் நிற்பவனையும் உள்ளே அழைத்து உட்காரச் சொல்லுங்கள்.

அமானிதத்தை உரியவர்பால் சேர்க்கும் நல்லுள்ளத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.